தந்திக்குச் செவி கொடுத்த ஜோர்ஜ் பீச்சம்

இசை வரலாற்றை எழுதுவோர் கருவியை வாசித்தவர்களின் பெயரைப் போற்றிப் பாதுகாப்பர். கருவியைச் சமைத்தவர்களின் பெயரையோ பெரும்பாலும் ஓரமாக ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களுள் அமெரிக்கரான ஜோர்ஜ் பீச்சம் ஒருவர். மின்சாரக் கித்தார் என்னும் கருவி உலகில் எங்கெங்கு ஒலிக்கின்றதோ அங்கெல்லாம் அவருடைய மூளையின் உழைப்பும் ஒலிக்கின்றது. ஆயினும் அவர் தேடியது ஒன்று, கண்டது வேறொன்று. கித்தாரின் மெல்லொலியைப் பெருக்க வேண்டுமென்பதே அவர் ஆசை. அந்த ஆசையின் வழியே நடந்தவர், முன்னர் எவரும் கேட்டிராத புதியதொரு குரலைக் கண்டடைந்தார். ஒலியைப் பெருக்குதல் வேறு, குரலைப் படைத்தல் வேறு என்னும் உண்மையை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

அவர் வாழ்வோடு பின்னிக் கிடப்பது ஹவாய்க் கித்தார் எனவும் உருக்குக் கித்தார் எனவும் வழங்கும் கருவியாகும். கோட்டுவாத்தியத்தைக் கண்டறிந்த நம்மவர்க்கு இதன் இயல்பை விளக்குவது எளிது. கோட்டுவாத்தியத்தில் இடக்கை ஒரு கட்டையைத் தந்திகளின்மீது நகர்த்துவது போலவே, மடியில் கிடத்திய கித்தாரின் தந்திகளின்மீது உருக்குத் துண்டொன்றை வழுக்கிச் செல்லவிட்டுச் சுரங்களைத் தொடுத்து எடுப்பர். ஹவாய்த் தீவினரான யோசப் கெக்குக்கு என்பவர் பள்ளி மாணவராயிருந்த காலத்தில், 1889ஆம் ஆண்டளவில், இம்முறையை வகுத்தார் என்பர். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசைக்குழுவினர் வாசித்தனர். அதன்பின் அவ்விசையின்மீது அமெரிக்க மக்களுக்கு அளவிறந்த மோகம் பிறந்தது.

அந்த மோகம் பரவிய காலத்திலே இளமை எய்தியவர் பீச்சம். 1899ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்த அவர், முதலில் வயலினும் பின்னர் ஹவாய்க் கித்தாரும் பயின்றார். பல்சுவை நாடக மேடைகளிற் கித்தார் வாசித்துப் பிழைத்த அவர், 1920ஆம் ஆண்டுகளில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை வந்தடைந்தார். மேடையிலே அவரை வருத்திய குறை ஒன்றுண்டு. எக்காளமும் முரசும் முழங்கும் குழுவினிடையே கித்தாரின் ஓசை மூன்றாம் வரிசையைக்கூட எட்டுவதில்லை. உருக்குக் கித்தாருக்கோ இக்குறை இருமடங்கு. வழுக்கிச் செல்லும் சுரம் நீண்டு நின்றாலன்றி அதன் அழகு வெளிப்படாது. மரக் கித்தாரில் எழும் சுரமோ வழுக்கி முடியுமுன்னரே தேய்ந்து மறைகின்றது.

இக்குறைக்கு மருந்து தேடிய பீச்சம், லொஸ் ஏஞ்சலிசில் வயலின் செய்தும் பழுதுபார்த்தும் வந்த ஜோன் டொப்பியேராவிடம் சென்றார். கிராமபோன் பெட்டியின் ஊதுகுழலைப் போன்றதொன்றைக் கித்தாரிற் பொருத்திப் பார்த்தனர். அது பயன் தரவில்லை. பின்னர் மெல்லிய அலுமினியத் தகட்டாற் கூம்புகள் மூன்று சமைத்து, உலோக உடலொன்றினுள் வைத்து, தந்திகளின் அதிர்வு அவற்றைச் சென்று தாக்குமாறு டொப்பியேரா அமைத்தார். 1927இல் வெளிவந்த இக்கருவி மரக் கித்தாரினும் பன்மடங்கு உரத்து ஒலித்தது. இதனை ஆக்கி விற்க நஷனல் என்னும் கம்பனி உருவாயிற்று. பெருஞ்செல்வத்துக்கு உரித்தாளியான உறவினரொருவரின் வீட்டு விருந்திலே, ஹவாய்க் கலைஞர் சோல் ஹோபீயின் குழுவினரை அப்புதுக் கருவியில் வாசிக்கச் செய்து, அன்றிரவே கம்பனிக்கு மூலதனமாக 12,500 டொலருக்குக் காசோலை பெற்றார் பீச்சம் என்று சொல்வதுண்டு. விருந்தும் கேளிக்கையும் அவருக்கு உவப்பானவை. டொப்பியேராவோ சிக்கனமும் கண்டிப்பும் உடையவர். இரு இயல்புகளும் ஒருகூரையின் கீழ் நெடுநாள் நிலைக்கவில்லை. எது எவருடைய கண்டுபிடிப்பு என்ற பூசலும் எழுந்தது. 1929இல் டொப்பியேரா விலகித் தம் சகோதரரோடு டோப்ரோ என்னும் பெயரிற் கித்தார்கள் செய்யலானார். 1931இல் பீச்சமும் நஷனல் கம்பனியிலிருந்து நீக்கப்பட்டார்.

தொழில் போயிற்று, நாட்டையோ பெரும் பொருளாதார மந்தம் வாட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் பீச்சத்தின் கையில் ஓர் எண்ணம் இருந்தது. உலோகக் கூம்பு எத்துணை முயன்றாலும் தந்தி தரும் ஆற்றலுக்கு மேல் ஓசையைத் தர இயலாது. அக்காலத்திலோ வானொலியும் மின்முறை இசைத்தட்டும் வீடுதோறும் புகுந்திருந்தன. இசைத்தட்டின் நுண்ணிய கோடுகளில் ஊசி துடிக்கும் துடிப்பை மின்னோட்டமாக மாற்றிப் பெருக்க முடியுமாயின், தந்தியின் துடிப்பை ஏன் அவ்வாறு மாற்ற இயலாது? பீச்சம் மின்னியலை இரவு வகுப்பிற் கற்றார். மரப்பலகையொன்றில் ஒற்றைத் தந்தியைக் கட்டி, கிராமபோனிலிருந்து கழற்றிய பிக்கப்பைப் பொருத்திச் சோதித்தார். நண்பர் போல் பார்த் துணைநிற்க, வீட்டின் உணவு மேசையே ஆய்வுகூடமாயிற்று.

கித்தாரின் ஓசையைப் பெருக்க முயன்ற வேறு சிலரும் அந்நாளில் இருந்தனர். அவர்களுட் பலர் கருவியின் மரப்பலகை துடிப்பதை மின்னாக மாற்ற முனைந்தனர். பீச்சம் வேறு வழியை நாடினார். பலகையையும் அறையின் காற்றையும் விடுத்துத் தந்தியின் அசைவை மட்டும் நேரே பிடிக்க வேண்டுமென்பது அவர் துணிபு. குதிரை லாட வடிவமான இரு உருக்குக் காந்தங்களை எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் வளைவினூடாக ஆறு தந்திகளும் செல்லுமாறு செய்தார். தந்திகளின் கீழே, ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்பு முனையாக ஆறு முனைகளையும், அவற்றைச் சூழ்ந்து மிக மெல்லிய செப்புக் கம்பிச் சுருளையும் வைத்தார். காந்தப்புலத்தினுள் உருக்குத் தந்தி அசையும்போது அப்புலம் மாறுகின்றது; மாறும் புலம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகின்றது. 1831இல் மைக்கேல் பரடே கண்ட மின்தூண்டல் விதியே இது. எழுந்த நுண்ணிய மின்னோட்டத்தை விரியலாக்கி பெருக்க, ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஓசையாக்குகின்றது.

நஷனல் ஆலையின் மேற்பார்வையாளராயிருந்த ஹரி வாட்சன் இதற்கென ஒரு கித்தாரை மேப்பிள் மரத் துண்டிலிருந்து கையாற் செதுக்கிக் கொடுத்தார். ஒலிப்பெட்டி இதற்கு வேண்டியதில்லை. ஆகவே சிறிய வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக அது அமைந்தது. கண்டவர்கள் நீண்ட கைப்பிடியுடைய பொரிக்கும் தாச்சி என்று அதற்குப் பரிகாசப் பெயர் சூட்டினர். அப்பெயரே நிலைத்தும் விட்டது. நஷனல் கம்பனிக்கு உலோக உடல்களை அடித்துக் கொடுத்துவந்த அடொல்ஃப் ரிக்கன்பாக்கர் என்னும் சுவிட்சர்லாந்தில் பிறந்த தொழில்வல்லார் பீச்சத்துடன் கூட்டுச் சேர்ந்தார். 1931இன் இறுதியில் கம்பனி பிறந்தது. அடுத்த ஆண்டு அலுமினியத்தில் வார்த்த மின்சாரக் கித்தார்கள் விற்பனைக்கு வந்தன. மந்தத்தின் கொடுமையாலும், மின்சாரக் கித்தார் என்பது யாதென மக்கள் அறியாமையாலும், முதலாண்டில் விற்றவை மிகச் சிலவே.

பீச்சத்தின் பிக்கப் வெறும் ஒலிவாங்கியன்று. ஒலிவாங்கி கருவியின் முன்னே நின்று உடல், காற்று, அறை ஆகிய அனைத்தையும் ஒருங்கே கேட்கின்றது. காந்தப் பிக்கப்போ உருக்குத் தந்தி ஒன்றையே அறியும்; அதன் முன்னே ஒருவர் பாடினாலும் அதன் செவியில் ஏறாது. தந்தியிலுங்கூட எவ்விடத்தில் அது அமர்ந்திருக்கின்றதோ அவ்விடத்து அசைவையே அறியும். தந்தியின் முனைக்கருகே வைத்தால் மேற்றொனிகள் மிகுந்து ஓசை கூர்மையுறும். நடுவை நோக்கி நகர்த்தினால் அடித்தொனி ஓங்கி ஓசை உருண்டு திரளும். சுருளிற் கம்பிச் சுற்றுகள் கூடுமாயின் மின்னோட்டத்தின் வலு கூடும். ஆனால் உச்ச மீடிறன்கள் மங்கும். சுற்றுகள் குறையின் தெளிவு மிகும், வலு குன்றும். தந்தியின் மிகுந்த நீளத்தை ஒருசேரக் கேட்கும் பிக்கப்பில் நுண்ணிய மேற்றொனிகள் தம்முள் ஒன்றையொன்று அழித்து மறையும். குறுகிய இடத்தை மட்டும் கேட்பது அவற்றை மிச்சம் வைக்கும். பிக்கப்பைத் தெரிந்தெடுப்பது என்பது, ஆகவே, கருவி எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாது விடவேண்டும் என்று தீர்மானிப்பதாகும்.

இசைத்தட்டிலே இத்தீர்மானத்தின் விளைவு பின்னும் பெரிது. 1925இல் மின்முறைப் பதிவு வந்தபின்னரும் அக்காலத் தட்டுகள் ஏறக்குறைய 6,000 அளவான மீடிறன்களுக்கு மேற்பட்டவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. கூம்புக் கித்தாரின் மினுமினுப்பிற் பெரும்பகுதி அந்த எல்லைக்கு அப்பாற் போய்விடும். லாடக் காந்தப் பிக்கப்பின் வலுவோ நடு மீடிறன்களிலே திரண்டு நிற்பது. தட்டு எதனை ஏற்றதோ அதனையே அது நிறையக் கொடுத்தது. மேலும், மீட்டிய சுரம் தேயத் தொடங்கும்போது ஒலியளவுத் திருகை மெல்ல உயர்த்திச் சுரத்தைத் தாங்கி நிறுத்தவும் வாசிப்பவரால் இயன்றது. வயலின் வில்லுக்கு உரிய நீண்ட மூச்சு, விரலால் மீட்டும் தந்திக்கும் கிட்டியது.

சோல் ஹோபீயின் இசைத்தட்டுகளே இதற்குத் தக்க சான்று. ஹொனலூலுவிற் பிறந்து இளம் வயதிலேயே அமெரிக்கப் பெருநிலத்துக்கு வந்த அவர், 1920ஆம் ஆண்டுகளின் இறுதியிற் கூம்புக் கித்தாரிற் பதிவு செய்த தட்டுகளில் ஒவ்வொரு மீட்டும் கல்லிற் பட்ட உளிபோல் விட்டுத் தெறிக்கின்றது. சுரங்கள் விரைந்து பிறந்து விரைந்து மாய்கின்றன. அவர் வேகமும் குறும்பும் அக்கருவியின் இயல்போடு இயைந்தவை. 1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அவர் ரிக்கன்பாக்கர் மின்சாரக் கித்தாருக்கு மாறினார். அப்பின்னைத் தட்டுகளிற் சுரங்கள் ஒன்றோடொன்று தழுவி ஓடுகின்றன. முன்னிருந்த தெறிப்பு அடங்கி, நீண்ட இழைவு மேலோங்குகின்றது. வாசித்தவர் ஒருவரே, விரல்களும் அவையே. கேட்ட செவி மட்டுமே வேறு. முன்னையதே சிறந்தது என்பாரும் பின்னையதே சிறந்தது என்பாரும் இன்றும் உளர். இழப்பின்றிப் பேறில்லை என்பதை இருசாராரும் ஒப்புவர்.

பிக்கப் மாறினால் குரல் மாறும் என்பதற்கு வேறொரு சான்றும் அந்நாளிலேயே கிடைத்தது. 1935 ஜனவரியில் சிக்காகோ நகரில், டெக்சாஸ் மாநிலத்து மில்ரன் பிரௌண் குழுவினரோடு பொப் டன் என்பவர் மின்சார உருக்குக் கித்தார் வாசித்துத் தட்டுகள் பதிந்தார். அவர் கையாண்டது பீச்சத்தின் கருவியன்று. சாதாரண மரக் கித்தாரிற் பொருத்தப்பட்ட வேறொரு பிக்கப். அதனை வேலை செய்விக்கத் தந்திகளையே முதலிற் காந்தமேற்ற வேண்டியிருந்தது. அதிலெழுந்த ஓசை கரடுமுரடானது. ஹவாய்க் கடலலையை அன்றி, ஜாஸ் குழுவின் ஊதுகருவியை நினைவூட்டுவது. டன் அக்குறையையே தம் நடையாக்கிக் கொண்டார். அமெரிக்க நாட்டுப்புற இசையில் மின்சார உருக்குக் கித்தார் புகுந்த வாயில் அதுவே.

இவ்வாறு புதுக் குரல் பரவிக்கொண்டிருந்த வேளையிற் பீச்சம் காப்புரிமை அலுவலகத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். 1932 யூன் மாதத்தில் முதல் விண்ணப்பத்தையும், திருத்திய விண்ணப்பத்தை 1934 யூன் மாதத்திலும் சமர்ப்பித்தார். இஃது இசைக்கருவியா, மின்கருவியா என்று அதிகாரிகள் மயங்கினர். உண்மையில் இது வேலை செய்யுமா என்றும் ஐயுற்றனர். ஐயம் தீர்க்க வோஷிங்டன் நகருக்கு இசைவாணர்களை அனுப்பி, அதிகாரிகள் முன்னிலையில் வாசித்துக் காட்டச் செய்ததாக ரிக்கன்பாக்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. 1937 ஓகஸ்ட் 10ஆந் திகதியே காப்புரிமை கிடைத்தது. அதற்குள் ஐந்தாண்டு கழிந்துவிட்டது. கிப்சன் உள்ளிட்ட பெரிய கம்பனிகள் தத்தம் பிக்கப்புகளோடு மின்சாரக் கித்தார்களைச் சந்தைக்குக் கொணர்ந்துவிட்டன. கிப்சன் கம்பனியார் லாடக் காந்தத்தை விடுத்து, பெருங்காந்தங்களைக் கருவியின் உள்ளே மறைத்துத் தந்திகளின் கீழே ஓர் உலோகப் பட்டையை நிறுத்தினர். அதன் ஓசை தடித்து வெதுவெதுப்பாயிருந்தது. எதனை வாங்குவது என்ற வினா விலையைப் பற்றியதாக மட்டும் நில்லாது, எக்குரலிற் பேசுவது என்ற வினாவாகவும் அக்காலத்துக் கலைஞர்க்கு மாறிவிட்டது.

பீச்சத்தின் கருவிக்கும் குறை இருந்தது. மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினிய உடல் விரிந்து சுருதி கலைந்தது. எனவே 1935இல் பக்கலைட் என்னும் செயற்கைப் பிசினால் வார்த்த உடலோடு புதுக் கித்தார் வெளிவந்தது. கனத்த அந்த உடலும் பழைய லாடப் பிக்கப்பும் கூடிப் பிறப்பித்த ஓசையை உருக்குக் கித்தார்க் கலைஞர் பலர் இன்றளவும் உரைகல்லாகக் கொள்கின்றனர்.

ஆனால் அவற்றின் சிற்பிக்கு அதற்குள் ஆர்வம் தளர்ந்துவிட்டது. ஒன்றைக் கண்டபின் அதனை விட்டு மற்றொன்றை நாடும் மனம் அவருடையது. மீன்பிடியில் மிகுந்த விருப்பமுடைய அவர், மீனைக் கவரும் செயற்கை இரைகளை ஆக்கி விற்க எண்ணினார். 1940இல் கம்பனியை விட்டு விலகித் தம் பங்குகளையும் விற்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியில், லொஸ் ஏஞ்சலிசுக்கு அண்மையிற் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் உயிர்துறந்தார். அப்போது அவருக்கு வயது 42. ஆலை ரிக்கன்பாக்கர் பெயரால் வளர்ந்தது. கருவியும் அப்பெயராலேயே அறியப்பட்டது. காப்புரிமைப் பத்திரத்தில் மட்டும் பீச்சத்தின் பெயர் தனித்து நின்றது.

அவர் மறைவின்பின் நிகழ்ந்தவை அவர் பணியின் நுட்பத்தை மேலும் தெளிவாக்குகின்றன. போர்க்காலத்தில் நின்றுபோன உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது, லாடக் காந்தங்களின் அகலம் ஒன்றரை அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கால் அங்குலந்தானே என்று எண்ணத் தோன்றும். கலைஞரின் செவியோ உடனே வேறுபாட்டைக் கண்டது. போருக்கு முந்திய கித்தார்களைத் தேடிப் பெருவிலை கொடுத்து வாங்குவது அன்றிலிருந்து வழக்கமாயிற்று. இலியோ ஃபென்டர் முதலியோர் பிக்கப்பைத் தந்திகளின் கீழே ஒடுக்கிக் கூர்மையும் பளபளப்பும் மிக்க ஓசையை ஆக்கினர். கிப்சன் கம்பனியைச் சேர்ந்த சேத் லவர் 1955இல், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின் இரைச்சலை நீக்கும் பிக்கப்புக்கு விண்ணப்பித்தார். இரைச்சல் நீங்கியது, அதனுடன் உச்சத்தொனிகளின் ஒரு பகுதியும் நீங்கி ஓசை மென்மையுற்றது. ஒவ்வொரு புதுமையும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொண்டது.

இவ்வேறுபாட்டின் பொருட்டே தம் வாழ்வின் போக்கை அமைத்துக்கொண்டவரும் உளர். ஒகையோ மாநிலத்தவரான ஜெரி பேர்ட், மிதிகட்டைகள் பொருத்திய புதுக் கருவிகள் நாஷ்வில் நகரின் பதிவுக் கூடங்களை ஆட்கொண்ட காலத்திலும் மிதிகட்டையில்லாப் பழைய கருவியையே பற்றி நின்றார். பக்கலைட் உடலும் லாடப் பிக்கப்பும் கொண்ட கித்தார் அவருடைய பெயரோடு ஒட்டிய அடையாளம். தாம் நேசித்த குரலுக்கு அங்கே இடமில்லை எனக் கண்டு, 1972இல் ஹவாய்த் தீவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இளைஞர்களுக்கு அக்கலையைக் கற்பித்து 2005இல் மறைந்தார். ஹவாயிற் பிறந்து அமெரிக்கா சென்று மின்சாரம் ஏறிய கலை, அவர் கையால் மீண்டும் தாய்வீடு சேர்ந்தது.

நம் பகுதியிலும் அக்குரலை அறியாதாரில்லை. இந்திப் படப்பாடல்களை மின்சார ஹவாய்க் கித்தாரில் வாசித்த வான் ஷிப்லியின் இசைத்தட்டுகள் பல வீடுகளில் ஒலித்தன. சொல்லின்றியே பாடலின் நெஞ்சைக் காட்டிய அக்கித்தாரைக் கேட்டு உருகியவர்களுட் பலர் ஜோர்ஜ் பீச்சம் என்ற பெயரைக் கேள்வியுற்றிரார்.

நடுநிலையான செவி என்று ஒன்றில்லை. கேட்கும் முறையே கேட்கப்படும் பொருளை வடிக்கின்றது. இசைத்தட்டிற் பதிந்த ஓசை கலைஞரின் விரலுக்கு எத்துணை உரியதோ, அத்துணை அவர் தெரிந்தெடுத்த காந்தத்துக்கும் சுருளுக்கும் உரியது. இதனை மாணவர் உணர்வாராயின், பழைய தட்டொன்றைக் கேட்கும்போது வாசித்தவர் யாரென்று வினவுவதோடு நில்லாமல், அவ்விசையைக் கேட்டுப் பதிந்த செவி எத்தகையது என்றும் வினவுவர். அவ்வினாவுக்கு விடை தேடிச் செல்பவர், ஓர் உணவு மேசையருகே செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த வேலையிழந்த இசைவாணர் ஒருவரைக் கட்டாயம் சந்திப்பர்.